எந்த ஓட்டையில் எதைச் செருகுவது? சின்ன மைக்செட்டில் மைக்கையும் வாத்தியத்தையும் சேர்க்க முழு வழிகாட்டி

மைக்செட் கரகரவென்று உடைந்து கேட்கிறதா? முதலில் ஒரு சின்னச் சோதனை. மெயின் வால்யூமைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள். சத்தத்தோடு கரகரப்பும் போய்விட்டால் கோளாறு பின்னால் இருக்கிறது: ஆம்ப்ளிஃபயர் தாங்கவில்லை, அல்லது ஸ்பீக்கர் தாங்கவில்லை. சத்தம் மட்டும் குறைந்து கரகரப்பு அப்படியே நின்றால் கோளாறு முன்னால், நீங்கள் பின்னைச் செருகிய இடத்திலேயே. நான் பார்த்த வரையில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். ஆனாலும் எல்லோரும் ஸ்பீக்கரைத்தான் திட்டுகிறார்கள்.

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் உள்ள கடற்கரை ஊர்களில் மைக்செட் வாடகைக்கு விடுவது என் தொழில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில் எனக்கு வேலை கூடுதல். முன்பெல்லாம் குழாய் ஸ்பீக்கர் கட்டவும் ஆம்ப்ளிஃபயர் பார்க்கவும் ஆள் வேண்டும். இப்போது கோயில், சர்ச், பள்ளிவாசல், மகளிர் குழு என்று ஆளுக்கொரு டிராலி ஸ்பீக்கர், அதாவது ஆம்ப்ளிஃபயரும் பேட்டரியும் உள்ளேயே வைத்த சக்கரப் பெட்டி, வாங்கி வைத்திருக்கிறார்கள். வாங்கியது நல்லதுதான். பின்னால் உள்ள ஓட்டைகளில் எது எதற்கு என்று யாரும் சொல்லித் தரவில்லை, அதுதான் சங்கடம்.

டம்ளர், கேன், டிரம், லாரி

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் தண்ணீரை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். சாதாரண டைனமிக் மைக்கில் வாயைக் கிட்டத்தில் வைத்து ஓரளவு உரக்கப் பேசினால் வயரில் வருவது ஏறக்குறைய 2 மில்லிவோல்ட். இதை ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி இல்லாத எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்பிலிருந்து (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பாகம்) வருவது சுமார் 200 மில்லிவோல்ட். ஓங்கி மீட்டினால் இன்னும் மேலே போகும். அது 20 லிட்டர் கேன். கீபோர்டின் லைன் அவுட்டும், முழு வால்யூமில் வைத்த செல்போனும் அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட், சில கீபோர்டுகள் அதற்கு மேலும் தரும். ஒரு வோல்ட் என்றால் 100 லிட்டர் டிரம்.

டம்ளருக்கும் டிரம்முக்கும் 500 மடங்கு வித்தியாசம். மைக் ஓட்டைக்குப் பின்னால் இருக்கும் சர்க்யூட் அந்த டம்ளரை டிரம்மாக்குவதற்காகவே வைத்தது. அதில் நேராக டிரம்மையே கவிழ்த்தால் என்ன ஆகும்? வழிந்ததுபோக எஞ்சியதுதான் ஸ்பீக்கரில் வரும். அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டு வருவதைத்தான் நாம் கரகரப்பு என்கிறோம். வழிந்து போனதைப் பிறகு எந்தக் குமிழைத் திருகியும் மீட்க முடியாது. இதற்கு நேர்மாறாக, டிரம்முக்கான லைன் ஓட்டையில் டம்ளரை ஊற்றினால் அடியில்கூட நனையாது. மெயினை முழுக்க ஏற்றினாலும் சன்னமான குரலோடு 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல்தான் வரும்.

லாரியும் ஒன்று உண்டு. இன்னொரு ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் அவுட் அது. 100 வாட், 8 ஓம் என்றால் 28 வோல்ட் வரை வரும். குழாய் ஸ்பீக்கர் ஓட்டும் பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 100 வோல்ட் லைன் என்றே தனி முனை இருக்கும். 'அந்த செட்டிலிருந்து இதற்கும் ஒரு வயர் இழுத்துவிடு தம்பி' என்று திருவிழாவில் யாராவது சொல்வார்கள். ஸ்பீக்கர் முனையிலிருந்து இழுத்தால் டிராலியின் உள்ளே புகை வரும். அந்த செட்டில் லைன் அவுட் அல்லது ரெக் அவுட் என்று எழுதிய ஓட்டை இருந்தால் அதிலிருந்து எடுக்கலாம். இல்லையென்றால் பெரிய செட்டின் ஸ்பீக்கர் முன் ஒரு மைக்கை நிறுத்திவிட்டுப் போங்கள். தரம் சுமார்தான், ஆனால் எதுவும் எரியாது.

டெசிபல் கணக்குக்குப் பயப்பட வேண்டாம். 6 டெசிபல் என்றால் வோல்ட் இரு மடங்கு, 20 என்றால் பத்து மடங்கு, 40 என்றால் நூறு மடங்கு, 60 என்றால் ஆயிரம் மடங்கு. இந்த நான்கு மனதில் இருந்தால் போதும். மைக்கின் 2 மில்லிவோல்ட்டை ஒரு வோல்ட் ஆக்க 54 டெசிபல் வேண்டும். மிக்சரில் கெய்ன் குமிழை (உள்ளே வரும் சிக்னலை முதலில் பெருக்கும் குமிழ்) சுற்றி 50, 60 என்று அச்சடித்திருப்பது இதற்காகத்தான்.

முதலில் ஸ்பீக்கரின் பின்பக்கம்

விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து பின்பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். நிகழ்ச்சி அன்று மாலை வேண்டாம், முந்தின நாள் செய்யுங்கள்.

மைக் 1, மைக் 2 என்று எழுதிய காலிஞ்சு ஓட்டை, அதாவது கடையில் பி-38 என்று கேட்டு வாங்கும் பின் போகும் ஓட்டை, டம்ளருக்கானது. கீபோர்டின் வயரிலும் அதே பி-38 பின்தான் இருக்கும். பின் பொருந்துகிறது என்பதற்காக அளவும் பொருந்தும் என்று நினைப்பதுதான் இந்தத் தொழிலின் தலையாய தப்பு. நான் பார்த்த கரகரப்பில் பாதிக்கு மேல் கீபோர்டை மைக் ஓட்டையில் செருகியதால் வந்தவை.

ஆக்ஸ், லைன் என்று எழுதியவை டிரம்முக்கானவை. சிவப்பு-வெள்ளை ஏ.வி. பின் ஓட்டையாகவோ, சின்ன இ.பி. பின் (ஹெட்போன் பின் சைஸ்) ஓட்டையாகவோ இருக்கும். சில செட்டில் மில்லிவோல்ட் அளவையும் அச்சடித்திருப்பார்கள். மைக்குக்கு ஒரு மில்லிவோல்ட் அல்லது அதற்கும் கீழே, ஆக்ஸுக்கு 100 மில்லிவோல்ட் அல்லது மேலே என்று இருந்தால், அந்த செட் முழுச் சத்தம் கொடுக்க அந்தந்த ஓட்டைக்கு அவ்வளவு வேண்டும் என்று பொருள்.

குழப்பம் தருவது காம்போ ஓட்டை. சுற்றிலும் மூன்று துளை, நடுவில் காலிஞ்சு ஓட்டை. மூன்று துளையில் நாம் கேனன் பின் என்று சொல்லும் எக்ஸ்.எல்.ஆர். போகும். பல செட்டில் அந்த மூன்று துளை மைக் சர்க்யூட்டுக்கும், நடு ஓட்டை லைன் சர்க்யூட்டுக்கும் போகிறது. அதனால் பி-38 பின் உள்ள மைக்கை நடுவில் செருகினால் சத்தமே ஏறாது. மைக் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கேனன் பின் வயரை மாட்டிப் பாருங்கள். பக்கத்தில் மைக்/லைன் என்று சின்ன சுவிட்ச் இருந்தால் அதையும் பாருங்கள். அது தானாகவே நகர்ந்து கிடக்கும். மணல், கைபட்டது, குழந்தைகள், ஏதோ ஒன்று.

கிட்டார் என்று தனி ஓட்டை இருந்தால் அது கேனுக்கானது. அதில் இன்னொரு விசேஷமும் உண்டு, கீழே வருகிறேன்.

வருகிறவர்களிடம் என்ன கேட்பது

'என்ன வாத்தியம் வருது?' என்று கேட்டால் போதாது. 'பேட்டரி போட்ட பிக்கப்பா, போடாததா? கீபோர்டில் லைன் அவுட் இருக்கா, ஹெட்போன் ஓட்டை மட்டும்தானா? கார்ட்லெஸ் யாருடையது?' என்று கேளுங்கள். கீழக்கரைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு தஃப் பறை அடித்து பைத் என்ற இஸ்லாமியப் பாடல் பாட வந்தவர்களிடம் முந்தின நாளே கேட்டேன். 'காக்கா (அண்ணே), எத்தனை பேர் பாடுவீங்க, எத்தனை மைக் வேணும்?' 'எட்டுப் பேர், எட்டு மைக்' என்றார் அவர்களில் மூத்தவர். எட்டு கொடுக்கவில்லை, மூன்றுதான் கொடுத்தேன். காரணம் உண்டு. திறந்திருக்கும் மைக் இரண்டு மடங்கானால், விசில் அடிக்காமல் ஏற்றக்கூடிய சத்தம் 3 டெசிபல் குறையும். ஒன்று எட்டானால் 9 டெசிபல் போய்விடும். மூன்று மைக்கைச் சுற்றி நெருங்கி நின்று பாடினார்கள், தெளிவாக இருந்தது. தஃப்புக்கு மைக்கே வைக்கவில்லை. அது தானாகவே தெரு முனை வரை கேட்கும்.

மைக்: தூரம்தான் முதல் கெய்ன்

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் வோல்ட் பாதியாகும். 5 சென்டிமீட்டரில் 2 மில்லிவோல்ட் வந்த குரல் 10 சென்டிமீட்டரில் ஒன்று, 20 சென்டிமீட்டரில் அரை. 40 சென்டிமீட்டர் தள்ளி மேடைக் கம்பில் நிற்கும் மைக்கில் கால் மில்லிவோல்ட். எட்டில் ஒரு பங்கு, அதாவது 18 டெசிபல் குறைவு. அதை ஈடுகட்ட கெய்னை ஏற்றினால் கடல் காற்றும் ஜெனரேட்டர் ஓசையும் ஸ்பீக்கரின் சொந்த ஒலியும் சேர்ந்து ஏறி, கூவ ஆரம்பிக்கும். அதனால் மைக்கை வாய்க்குக் கிட்டத்தில் கொண்டுபோவதே மலிவான, சுத்தமான கெய்ன். நான்கு விரல் அகலம் என்று சொல்லிக் கொடுங்கள். சென்டிமீட்டர் யாருக்கும் நினைவில் நிற்காது.

மறுபக்கமும் உண்டு. மீன் ஏலம் கூறுகிறவர் மைக்கை விழுங்குவதுபோலப் பிடித்துக் கத்தினால் 20 மில்லிவோல்ட்டைத் தாண்டலாம். அதே மைக், அதே ஓட்டை, பத்து மடங்கு. கெய்ன் குமிழ் இல்லாத டிராலியில் இதற்கு ஒரே வழி, மைக்கைக் கையிலிருந்து வாங்கிக் கம்பில் மாட்டுவது.

கண்டென்சர் மைக் ஐந்து முதல் பத்து மடங்கு அதிகம் கொடுக்கும், கூடவே மின்சாரமும் கேட்கும். மிக்சரில் 48 வோல்ட் என்று எழுதிய சுவிட்ச் அதற்குத்தான். அந்த சுவிட்சைப் போடுவதற்கு முன்பும் அணைப்பதற்கு முன்பும் வால்யூமை இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் 'டமார்' என்று அடிக்கும். நல்ல கேனன் வயரில் வரும் டைனமிக் மைக்குக்கு 48 வோல்ட்டால் கெடுதல் இல்லை. ஆனால் ஒரு முனை கேனன், மறுமுனை பி-38 என்று நாமே சால்டர் பண்ணிய வயரில் செல்போனையோ கீபோர்டையோ மாட்டியிருக்கும்போது அந்த சுவிட்சைத் தொடாதீர்கள். டிராலியில் பெரும்பாலும் இந்த சுவிட்சே இருக்காது. அதனால் கண்டென்சர் மைக்கை மாட்டினால் ஊமையாக நிற்கும்.

கார்ட்லெஸ் மைக்கில் இரண்டு இடத்தில் அளவு பார்க்க வேண்டும். ரிசீவரின் பின்னால் மைக்/லைன் சுவிட்ச் இருந்தால், செருகும் ஓட்டைக்கு ஏற்ப அதை வையுங்கள். முன்னால் வால்யூம் குமிழ் இருந்தால் முக்காலில் நிறுத்திவிட்டு மற்றதை டிராலியில் சரிசெய்யுங்கள். ரிசீவரில் கால்வாசி வைத்து டிராலியில் முழுக்க ஏற்றினால் இரைச்சல் கூடும்.

கீபோர்டு, செல்போன், பாட்டுப் பெட்டி

ஆக்ஸ் ஓட்டை காலியாக இருந்தால் கதை முடிந்தது, அதில் மாட்டுங்கள். கீபோர்டின் சொந்த வால்யூமை முக்காலில் வைத்து, டிராலியின் ஆக்ஸ் குமிழால் அளவு பாருங்கள்.

ஆனால் ஆக்ஸ் ஒன்றுதான், கீபோர்டும் வேண்டும் செல்போனும் வேண்டும் என்ற நிலை அடிக்கடி வரும். ஒன்றை மைக் ஓட்டைக்குத்தான் அனுப்பியாக வேண்டும். அதற்கு வால்யூமைக் கடுகளவு வைத்து ஓட்டுவது ஒரு வழி. கீபோர்டுக்காரர் இரண்டாவது பாட்டிலேயே அதை ஏற்றிவிடுவார் என்பது என் அனுபவம். அதனால் நான் வயருக்குள்ளேயே குறைப்பான் வைத்துக்கொள்கிறேன். இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், ஒரு ஸ்டீரியோ இ.பி. பின், ஒரு பி-38 மோனோ பின், இரண்டு மீட்டர் ஷீல்டு வயர். ரெசிஸ்டர் மூன்றும் சில ரூபாய்தான்.

இணைப்பு இப்படி. இ.பி. பின்னின் நுனி இடப் பக்கம். அதிலிருந்து ஒரு 10 கிலோ ஓம். நடு வளையம் வலப் பக்கம்; அதிலிருந்து இன்னொரு 10 கிலோ ஓம். இரண்டின் மறுமுனைகளையும் ஒன்றாக முறுக்கி பி-38 பின்னின் நுனிக்குக் கொடுங்கள். அந்த நுனிக்கும் உடலுக்கும் நடுவே 100 ஓம். இ.பி. பின்னின் உடலும் பி-38 பின்னின் உடலும் ஷீல்டால் சேர வேண்டும். ரெசிஸ்டர்களை பி-38 பக்கத்து மூடிக்குள்ளேயே வையுங்கள், அப்போதுதான் நீளமான வயரில் பெரிய சிக்னல் ஓடும். வெளி உறுமல் அதற்கு முன் எடுபடாது. ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறையும், அதாவது 40 டெசிபல். அரை வோல்ட் செல்போன் 5 மில்லிவோல்ட்டாக வரும். இரு பக்கமும் சமமாக இருக்கும் குரல் 10 மில்லிவோல்ட். மைக் ஓட்டைக்கு அது தாராளம்.

இந்த வயர் இன்னொரு கோளாறையும் தீர்க்கிறது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் பிள்ளைகள் ஆடத் தயாராக நிற்கிறார்கள், பாட்டைப் போட்டால் மேளமும் எதிரொலியும் கேட்கின்றன, பாடுகிறவர் குரலைக் காணோம். 'கரோக்கே போட்டுட்டீங்களா அண்ணே?' என்று ஆசிரியை கேட்டார். நான் போட்டது முழுப் பாட்டுதான். நடந்தது இது: செல்போனிலிருந்து வந்த ஸ்டீரியோ பின்னை, மாற்றுப் பின் வழியாக மிக்சரின் பேலன்ஸ்டு ஓட்டையில் செருகிவிட்டேன். அந்த ஓட்டை நுனியில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழித்துப் பார்க்கும். வெளிச் சத்தத்தை நீக்க அந்த ஏற்பாடு. பாட்டில் குரல் இரு பக்கமும் சரிசமமாகப் பதிந்திருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூஜ்யம். பக்கத்துக்குப் பக்கம் வேறுபடும் வாத்தியம் மட்டும் மிஞ்சும். குரல் மட்டும் காணாமல் போனால் வேறு எதையும் தேடாதீர்கள், இதுதான். மேலே சொன்ன மூன்று ரெசிஸ்டர் வயர் இரு பக்கத்தையும் கூட்டிக் கொடுப்பதால் குரல் திரும்பி வரும். அவசரத்துக்கு ஒரு தந்திரம்: ஸ்டீரியோ பின்னை முழுக்கத் தள்ளாமல் பாதியில் நிறுத்தினால் குரல் வரும். நானும் அன்று அப்படித்தான் ஒப்பேற்றினேன், பாட்டு முடியும்வரை வயரைப் பிடித்துக்கொண்டு.

இரு பக்கத்தையும் ரெசிஸ்டர் இல்லாமல் நேராக முறுக்கி ஒன்றாக்குவதும் வழக்கத்தில் இருக்கிறது. வேண்டாம். இரண்டு அவுட்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். ஓசை கெடும், சில சமயம் செல்போனின் சர்க்யூட்டும் சூடாகும்.

கிட்டார், பிக்கப் வைத்த வயலின்: அளவு மட்டும் போதாது

இங்கேதான் இம்பீடன்ஸ் வருகிறது. ஒரு வாத்தியத்தை ஓட்டையில் செருகும்போது அந்த ஓட்டை எவ்வளவு இழுக்கிறது என்பது முக்கியம். அதைச் சொல்லும் ஓம் கணக்குதான் இம்பீடன்ஸ்; ஓட்டையில் அது கூடினால் இழுப்பது குறையும். ஓட்டையின் இம்பீடன்ஸ் வாத்தியத்தினுடையதைவிடக் குறைந்தது பத்து மடங்கு இருந்தால் சிக்னல் சேதாரமில்லாமல் வரும். மைக்கின் இம்பீடன்ஸ் 150 முதல் 600 ஓம். மைக் ஓட்டை ஒன்றரை முதல் ஐந்து கிலோ ஓம். பொருத்தம் சரி. பேட்டரி இல்லாத கிட்டார் பிக்கப் பல கிலோ ஓம், மேல்சுரத்தில் இன்னும் கூடும். அதற்கு ஒரு மெகா ஓம் ஓட்டை வேண்டும். டிராலியில் கிட்டார் என்று எழுதிய ஓட்டையின் விசேஷம் இதுதான். மைக் ஓட்டையில் செருகினால் சத்தம் வரும், உடையவும் செய்யும், கூடவே மேல்சுரம் மழுங்கி, ஈரத் துணி போர்த்தியதுபோல இருக்கும்.

வயலினிலும் அக்கூஸ்டிக் கிட்டாரிலும் ஒட்டும் பைசோ பிக்கப் இதற்கு நேரெதிர். அது ஒரு மின்தேக்கி மாதிரி. ஒரு நானோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 10 கிலோ ஓம் ஓட்டையில் சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய்ந்து போகும். மிஞ்சுவது தகர ஓசை. ஒரு மெகா ஓமில் அந்த எல்லை 160 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். வயலினின் அடி சுரம் அதற்கு மேலேதான், அது பிழைத்துக்கொள்ளும். 10 மெகா ஓம் என்றால் 16 ஹெர்ட்ஸ், கவலையே இல்லை. இதைச் சரிசெய்ய பேஸ் குமிழை ஏற்றிப் பார்ப்பார்கள். வராததை ஏற்றி என்ன பயன்? உறுமல்தான் ஏறும்.

இதற்கெல்லாம் பொது மருந்து, வாத்தியத்துக்கும் மைக் ஓட்டைக்கும் நடுவே மாட்டும் டி.ஐ. பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் உள்ள சாதா வகை, பொதுவாகப் பன்னிரண்டுக்கு ஒன்று என்று வோல்ட்டைக் குறைக்கும். 500 மில்லிவோல்ட் கிட்டார் 40 மில்லிவோல்ட்டாகி மைக் ஓட்டைக்குப் பக்கத்தில் வந்துவிடும். இம்பீடன்ஸ் 144 மடங்கு உயர்ந்து தெரியும், 1.5 கிலோ ஓம் மைக் ஓட்டை கிட்டாருக்கு 216 கிலோ ஓமாகப் படும். கிட்டாருக்கு அது ஒப்பேறும், பைசோவுக்குப் போதாது. பைசோவுக்குப் பேட்டரியிலோ 48 வோல்ட்டிலோ ஓடும் ஆக்டிவ் வகை வாங்குங்கள். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் ஆக்டிவைத்தான் சொல்வேன். கீபோர்டுக்கும் அதையே பயன்படுத்தலாம். 20 டெசிபல் குறைக்கும் சுவிட்சைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரி போட்ட கிட்டாருக்கு இவ்வளவு பாடு இல்லை. உள்ளேயே சின்ன ஆம்ப்ளிஃபயர் இருப்பதால் ஆக்ஸ் ஓட்டையிலேயே ஓடும். அந்த 9 வோல்ட் பேட்டரி இறங்கியிருந்தால் மட்டும் கரகரக்கும். பலர் அதை மைக்செட்டின் கோளாறு என்பார்கள்.

நாதஸ்வரமும் தவிலும் வந்தால், டிராலிக்கு அவர்கள் தேவையில்லை, அவர்களுக்கு டிராலி தேவையில்லை. இருந்தும் 'பந்தலுக்கு வெளியே கேக்கணும்' என்பார்கள். நாதஸ்வரத்துக்கு ஒரு டைனமிக் மைக்கை இரண்டு மூன்று அடி தள்ளி, அணசுக்கு (அடியில் விரிந்த வாய்) நேராக இல்லாமல் பக்கவாட்டில் வையுங்கள். தவிலுக்கு வேண்டாம், அந்த மைக்கிலேயே விழுந்துவிடும்.

கெய்ன் வைக்கும் முறை

மிக்சரோ, கெய்ன் குமிழ் உள்ள டிராலியோ இருந்தால்:

1. மெயினை முழுக்க இறக்குங்கள். பேஸ், டிரெபிள் குமிழ்கள் நடுவில். எக்கோ பூஜ்யம். எக்கோவை வைத்துக்கொண்டு அளவு பார்க்க முடியாது.
2. அந்த மைக்கின் வால்யூமை 0 என்று குறித்த இடத்தில் நிறுத்துங்கள். குறி இல்லையென்றால் முக்கால்.
3. பாடுகிறவரைப் பாட்டின் உச்சத்தைப் பாடச் சொல்லுங்கள். 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ' என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மேடையில் ஏறியதும் நான்கு மடங்கு கத்துவார்கள். அந்த ஹலோவை நம்பாதீர்கள்.
4. பீக் என்ற சிவப்பு விளக்கு கண்சிமிட்டும் வரை கெய்னை ஏற்றி, அங்கிருந்து 6 டெசிபல், அதாவது ஏறக்குறைய கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகரும் அளவு, பின்னால் வாருங்கள்.
5. அடுத்த மைக், அடுத்த வாத்தியம் என்று ஒவ்வொன்றாகச் செய்தபின் மெயினை ஏற்றுங்கள். இனி நிகழ்ச்சி முடியும்வரை கெய்னைத் தொட வேண்டாம். ஏற்ற இறக்கமெல்லாம் வால்யூமில்.

கெய்ன் குமிழ் இல்லாத டிராலியில் மைக் வால்யூம் என்று ஒன்றுதான் இருக்கும். பெரும்பாலும் அது முதல் சர்க்யூட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. முன்னாலேயே வழிந்துவிட்டால் அதைக் குறைத்துப் பயனில்லை. ஆரம்பத்தில் சொன்ன சோதனை ஏன் வேலை செய்கிறது என்பது இப்போது விளங்கியிருக்கும். அளவை வாத்தியத்திலேயே குறைக்க வேண்டும், அல்லது வயரில், அல்லது ஓட்டையை மாற்ற வேண்டும். மைக் வால்யூம் கால்வாசிக்குக் கீழேயே சத்தம் போதும் என்று ஆகிவிட்டால் வரும் சிக்னல் அதிகம். முழுக்க ஏற்றியும் போதவில்லையென்றால் குறைவு, அல்லது மைக் தூரம். பாதிக்கும் முக்காலுக்கும் நடுவே நின்றால் பொருத்தம் சரி.

டிராலியில் பேட்டரி இறங்க இறங்க ஆம்ப்ளிஃபயர் முன்னதாகவே வெட்ட ஆரம்பிக்கும். மாலை ஏழு மணிக்குச் சுத்தமாக இருந்த அளவு ஒன்பது மணிக்குக் கரகரக்கும். அப்போது மெயினை இறக்கினால் சரியாகிவிடும். முதல் சோதனையில் சொன்ன பின்னால் உள்ள கோளாறு வகை இது. பத்து மணிக்கு மேல் எப்படியும் நிறுத்தியாக வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை தனி அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி கூடாது.

காற்று, உப்பு, உறுமல்

தனுஷ்கோடி மணலில் நின்று மைக்கில் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கச்சான் காற்று வீசும்போது மைக்கில் வருவது குரலைவிடக் காற்றுதான். அந்த 'புர்ர்' ஓசை அடித்தொனியில் பெரிய வோல்ட்டாக வந்து முதல் சர்க்யூட்டையே நிரப்பிவிடும். பிறகு பேஸைக் குறைத்தாலும் குரல் உடைந்தே வரும். ஸ்பாஞ்சு உறையை மைக்கின் தலையிலேயே மாட்ட வேண்டும். அதன் மேல் இன்னொரு உறை போட்டாலும் தவறில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள். மிக்சரில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் வெட்டும் சுவிட்ச் இருந்தால் எல்லா மைக்குக்கும் போட்டுவிடுங்கள்.

கீபோர்டை அடாப்டரில் ஓட்டும்போது 'ம்ம்ம்' என்று உறுமினால் முதலில் அடாப்டரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றால் எர்த் சுற்றுக் கோளாறு. டிராலியையும் கீபோர்டையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுங்கள். டி.ஐ. பாக்ஸ் இருந்தால் அதில் சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்து உறுமலை நிறுத்துகிறவர்கள் உண்டு. ஈர மணலில் வெறுங்காலோடு நின்று இரும்பு மைக்கை உதட்டில் வைப்பவர் உயிரோடு விளையாடுவது அது. செய்யாதீர்கள், செய்தவரிடம் வாடகைக்கு எடுக்காதீர்கள்.

நீள வயர் வேண்டுமென்றால் கேனன் வயர்தான். பி-38 மைக் வயர் பத்து மீட்டருக்கு மேல் போனால் வழியில் உள்ள மின்சார வயரின் உறுமலையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வரும். மின்சார வயரைக் கடக்க வேண்டுமென்றால் குறுக்காகக் கடக்கட்டும், கூடவே ஓட விடாதீர்கள்.

கடைசியாக உப்பு. கடலோரத்தில் மூன்று மாதம் கிடந்தால் வயரின் பின்களில் பச்சை பிடித்துவிடும். அந்தப் படலம் சிக்னலைத் தடுக்கும். முக்கியமாக டம்ளர் அளவு மைக் சிக்னல் விட்டு விட்டு வரும். கெய்னைத் தவறாக வைத்துவிட்டோமோ என்று குழம்புவீர்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பின்களைக் காய்ந்த துணியால் துடைத்து, கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே ஒரு தடவை அடித்து, ஓட்டையில் நான்கைந்து முறை செருகி எடுங்கள். மைக்குகளை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஸ்பாஞ்சு உறையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். அலசாமல் விட்டால் அடுத்த நிகழ்ச்சியில் பேசுகிறவருக்கு முதலில் கருவாட்டு வாசனைதான் வரும்.